எழுத்துத் தூரிகையில் ஆடும் துரியோதனன்: ஒரு கூத்து ஓவியர் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆற்காட்டிலிருந்து செய்யாறு போகிற சாலையை ஒட்டிய ஒரு கிராமத்துக்காரர் இவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வாழ்க்கையின் பெரும்பகுதியைச் சுவரிலும் தகரத்திலும் எழுதிச் சம்பாதித்தவர். இப்போது துணியில் கூத்து வேஷங்களை வரைகிறார். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "ஊர்ல எல்லாருக்கும் தெரியும் சார், வெளியூர்க்காரங்களுக்கு எதுக்கு?" என்பது அவர் சொன்ன காரணம். எனவே இந்தக் கட்டுரை முழுக்க அவர் 'ஓவியர்'தான்.

நான் வேலூரில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தருபவன். உருவம் வரையச் சொல்லித்தருவதில் மூக்கு, கண், விரல் எல்லாம் எப்படியோ வந்துவிடும். அசைவுதான் வராது. ஓடுகிற பையனை வரையச் சொன்னால் ஒரு காலைத் தூக்கி நிற்கிற பையன் வருவான். அதனால் இந்த ஓவியரின் படங்களைப் பார்த்தபோது என்னைப் பிடித்து இழுத்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். அவரிடம் இரண்டு வரிசைப் படங்கள் இருக்கின்றன. இரண்டிலும் அதே கூத்து, அதே வேஷங்கள், அதே கை. முதல் வரிசையில் யாரும் ஆடவில்லை. இரண்டாவது வரிசையில் எல்லாரும் ஆடுகிறார்கள். நடுவில் என்ன நடந்தது?

கூத்து நடக்கிற சீமை

பழைய வடாற்காடு என்றால் இன்றைக்கு நாலு மாவட்டம். 1989-ல் திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019-ல் மீதி இருந்த வேலூர் மாவட்டம், வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. ஜமாக்கள், அதாவது கூத்துக் குழுக்கள், இந்த எல்லைகளைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. வெற்றிலை பாக்கு வைத்து எந்த ஊர்க்காரர் கூப்பிட்டாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையையும் பெருங்கட்டூரையும் கூத்துப் பார்க்கிறவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1977-ல் சென்னையில் நாடகாசிரியர் ந. முத்துசாமி கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியதற்குப் பின்னால் புரிசைக் கூத்து இருந்தது. 1990-ல் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் பெருங்கட்டூர் ராஜகோபால்.

பங்குனியில் தொடங்கி ஆடி வரை ஊர் ஊராகத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் வில்லிபாரதத்தை வைத்துப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. வில்வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு, கர்ண மோட்சம் என்று வரிசையாகப் போய்ப் பதினெட்டாம் போரில் முடியும். கடைசி நாள் காலையில் படுகளம். களிமண்ணைக் குழைத்துத் துரியோதனனை மல்லாந்து படுத்த கோலத்தில் தரையிலேயே பெரிதாகச் செய்துவைத்திருப்பார்கள். பீமன் வேஷக்காரரும் துரியோதனன் வேஷக்காரரும் அந்த மண்ணுருவத்தைச் சுற்றியும் அதன்மேல் ஏறியும் ஆடுவார்கள். துரியோதனன் விழுந்த பிறகு திரௌபதி கூந்தல் முடிப்பாள். சாயங்காலம் தீமிதி.

நம் ஓவியரின் முதல் வேலை அந்த மண்ணுருவத்துக்கு வண்ணம் பூசியதுதான். அப்போது மீசை முளைக்கவில்லை. சுண்ணாம்பு அடிக்கிற நார் மட்டையும், பொடி வண்ணங்களும், பானையில் தண்ணீரும். முகத்துக்குச் சிவப்பு, மீசைக்குக் கரி, மார்புப் பதக்கத்துக்கு மஞ்சள். தான் பூசிய துரியோதனன் அசையாமல் படுத்துக்கிடக்க, உயிருள்ள துரியோதனன் அதன் நெஞ்சின்மேல் குதித்து ஆடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். இதை ஒரு பெரிய தரிசனம்போல் அவர் சொல்லவில்லை. "பூசுனதெல்லாம் மிதிச்சி அழிச்சிட்டானுங்க" என்றுதான் சொன்னார்.

பாட வராது

ஆட்டத்தின்மேல் இவ்வளவு ஆசை உள்ளவர் ஏன் ஆட்டக்காரர் ஆகவில்லை? இதற்குப் பதில் கூத்தின் இலக்கணத்திலேயே இருக்கிறது. பரதநாட்டியத்தில் ஆடுபவர் ஆடினால் போதும், பாட வேறு ஆள் உண்டு. கூத்தில் அப்படி இல்லை. வேஷக்காரரே பாட வேண்டும், அவரே பேச வேண்டும், அவரே ஆட வேண்டும். இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்ள, அதற்குப் பின்னால் நின்று திரை விருத்தம் பாடித்தான் வேஷம் வெளியே வரும். முகவீணை என்கிற சின்ன ஊதுகருவி பிடிக்கிற சுருதியில் தரு என்கிற பாட்டை எடுத்துக் கொடுத்தால்தான் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாட முடியும். விடிகிற வரைக்கும் இது நடக்க வேண்டும்.

இவர் சிறுவனாக இருந்தபோது இரணியன் நாடகத்தில் பிரகலாதனாக வந்திருக்கிறார். பிறகு குரல் உடைந்தது. உடைந்த குரல் ஒட்டவே இல்லை. கால் மட்டும் வாத்தியாரே பாராட்டுகிற அளவுக்குப் பேசியது. ஆனால் கட்டை வேஷம் கட்டக் கால் மட்டும் போதாது. கட்டை வேஷம் என்பது கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் அணிகிற ராஜ வேஷம். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, ஜிகினாத் தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டிய அணிகலன்கள் அவை. அந்த மரம் இலேசானது. அதனால்தான் அத்தனை பெரிய கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் சுற்றி ஆட முடிகிறது. அந்தக் கட்டையை இவருக்குக் கட்டிவிட எந்த ஜமாவும் முன்வரவில்லை. அப்பா கொண்டுபோய் ஆற்காட்டில் ஒரு போர்டு எழுதுகிறவரிடம் சேர்த்துவிட்டார்.

அங்கே கற்றது நல்ல தொழில். நூலில் சாக்பீஸ் பொடி தடவி இழுத்துச் சுவரில் அடித்துக் கோடு விழச்செய்வது, வஜ்ரப் பசை காய்ச்சிப் பொடி வண்ணத்தில் கலப்பது, எனாமலில் டர்பன்டைன் எவ்வளவு விட்டால் ஒழுகாது, எவ்வளவு விட்டால் இழுபடாது என்பது. தேர்தல் வந்தால் உதயசூரியனும் இரட்டை இலையும் ஒரே தெருவில், ஒரே நாளில், ஒரே கையால். அப்புறம் ப்ளெக்ஸ் வந்தது. மற்றதை விவரிக்க வேண்டியதில்லை; தமிழ்நாட்டில் இந்தத் தொழிலில் இருந்த எல்லாருடைய கதையும் ஒன்றுதான். சிலர் பெயின்ட் அடிக்கிற கூலிக்குப் போனார்கள், சிலர் ப்ளெக்ஸ் கடையிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். இவர் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலைக்குப் போய்க்கொண்டே, வேலை இல்லாத நாள்களில் கூத்தை வரைய ஆரம்பித்தார்.

முதல் வரிசை

முதல் வரிசைப் படங்களை யாரும் குறை சொல்ல முடியாது. கிரீடத்தில் இருக்கிற ஒவ்வொரு கண்ணாடித் துண்டும் தெரியும். அரிதாரப் பூச்சில் கன்னத்துச் சுட்டி, நெற்றி நாமம், மீசையின் முறுக்கு எல்லாம் அச்சு அசல். பின்னணியில் ஒரு நீலம், ஓரத்தில் ஒரு கோயில் கோபுரம். காலண்டரில் போடலாம். ஒரு கைக்கடிகார அளவு இடத்தில் புஜக்கட்டையின் ஜிகினா மினுங்குவதை எனாமலில் கொண்டுவந்திருப்பதைப் பார்த்து நானே மூக்கில் விரல் வைத்தேன்.

ஆனால் இடுப்புக்குக் கீழே போனால் விஷயம் வேறு. பாவாடை ஒரு கூம்பு. அதற்குக் கீழே இரண்டு பாதங்கள், இரண்டும் ஒரே கனத்தில், ஒரே கோட்டில். கை மட்டும் ஆட்டக் கை.

இந்தப் படங்களை அவர் செல்போனில் எடுத்த போட்டோக்களைப் பார்த்து வரைந்திருந்தார். பிரச்சினையின் பாதி அங்கே. கூத்தில் தீர்மானம், அதாவது தாளத்தை முடித்துவைக்கிற கோர்வை, வைத்து முடிக்கிற இடத்தில் ஆட்டக்காரர் ஒரு நொடி நிற்பார். போட்டோ எடுக்கிறவர் எல்லாரும் அந்த நொடியில்தான் அமுக்குவார்கள், படம் கலங்காமல் வர வேண்டுமே. இப்போது ஆட்டக்காரர்களும் செல்போனைப் பார்த்தால் கூடக் கொஞ்சம் நின்று கொடுக்கிறார்கள். ஆக, அவர் கையில் இருந்த போட்டோக்கள் எல்லாம் ஆட்டத்துக்கு நடுவே ஆட்டம் இல்லாத நொடிகள். அதை எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்து வரைந்தாலும் நிற்பதுதான் வரும்.

மீதிப் பாதி, அவர் எதை ஓவியம் என்று நினைத்திருந்தார் என்பதில் இருந்தது. போர்டு எழுதுகிற தொழிலில் ஒரு படிநிலை உண்டு. எழுத்து எழுதுகிறவர் கீழே, 'பிக்சர்' போடுகிறவர் மேலே. தலைவர் முகத்தையும் சாமி படத்தையும் ஷேடு கொடுத்து வரைகிறவருக்குத்தான் மரியாதை, கூலியும் கூட. இவர் எழுத்துக்காரர். அதனால் துணியில் வரைய உட்கார்ந்ததும் எழுத்துக்காரரை வெளியே அனுப்பிவிட்டு, பிக்சர் போடுகிறவராக மாறிக்கொண்டார். சின்னத் தூரிகை, பூச்சுக்கு மேல் பூச்சு, ஷேடு.

"இவன் ஆடலியே"

அவருக்குச் சின்ன வயதில் அடவு, அதாவது ஆட்டத்தின் கால்வைப்பு, சொல்லிக்கொடுத்த கூத்து வாத்தியார் இன்னும் இருக்கிறார். மிகவும் தள்ளாத வயது. ஒருநாள் ஓவியர் ஒரு துரியோதனன் படத்தைச் சுருட்டிக்கொண்டு போய் அவர் வீட்டுத் திண்ணையில் விரித்துக் காட்டினார். கூடப் போயிருந்தேன். வாத்தியார் வெகுநேரம் பார்த்தார்.

"கிரீடம் நல்லா கீது. கண்ணாடியை எண்ணிடலாம்."

"சரிங்க வாத்தியாரே."

"ஆனா இவன் ஆடலியேப்பா. பஸ்ஸுக்கு நின்னுகினு கீறான்."

ஓவியர் பதில் சொல்லவில்லை. வாத்தியார் விடவில்லை. படத்தில் இருக்கிற வலது பாதத்தின்மேல் விரலை வைத்தார். "இந்தக் கால் இப்பதான் கீழ வந்துச்சா, மேல போவப்போவுதா?" பிறகு இடது பாதம். "இது?" பிறகு தன் தொடையில் தாளம் போட்டு, "எந்த அடியில நிக்கறான் சொல்லு" என்றார். படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை. படத்தில் அது இல்லை.

ஓவியம் படித்தவர்கள் யாரும் இவ்வளவு துல்லியமான விமர்சனம் சொல்லி நான் கேட்டதில்லை. அசையும் உருவத்தை வரைவதில் மூலக் கேள்வியே இந்த மூன்றுதான்: எடை எந்தக் காலில், அந்தக் கால் வருகிறதா போகிறதா, அடுத்த நொடி உடம்பு எங்கே இருக்கும்.

காவித் தடம்

அடுத்து ஓவியர் செய்தது எனக்குத் தோன்றியிருக்காது. தூக்கிப் போட்ட ப்ளெக்ஸ் பேனர்கள் ஊரில் நிறையக் கிடைக்கும். அவற்றின் பின்பக்கம் வெறும் வெள்ளை. அதை வீட்டு வாசலில் விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்து, பாதத்தில் ஈரக் காவியைப் பூசிக்கொண்டு அதன்மேல் ஆடினார். சட்டை இல்லாமல், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயால் தாளம் சொல்லிக்கொண்டு. முதலில் நின்று தட்டுகிற அடவு, அப்புறம் முன்னும் பின்னும் போகிற அடவு, அப்புறம் கிரிக்கி. கிரிக்கி என்பது கூத்தில் வேகமாகச் சுழன்று ஆடுவது. வேஷம் வட்டமாகச் சுற்றிக்கொண்டே தானும் சுழலும். ஐம்பது வயதுக்கு மேல் அது சும்மா இல்லை. இரண்டு சுற்றிலேயே மூச்சு வாங்கியது. அவர் வீட்டம்மா வாசற்படியில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஆடி முடித்து எல்லாருமாகக் குனிந்து தடங்களைப் பார்த்தோம். நின்று தட்டிய இடங்களில் முழுப் பாதம் பதிந்திருந்தது, குதிகால் வட்டமும் விரல்களும் தெளிவாக. கிரிக்கி அடித்த இடங்களில் குதிகாலே இல்லை. முன்பாதத்தின் உருண்டை மட்டும், அதுவும் நிற்காமல் தேய்ந்து, ஒரு பக்கம் கனமாகவும் மறுபக்கம் மெலிந்தும் ஒரு பிறை. எந்தத் திசையில் சுழன்றார் என்பதைத் தேய்ந்த பக்கம் காட்டிக்கொடுத்தது. இரண்டு தடங்களுக்கு நடுவே இருந்த தூரம், அவர் படங்களில் வரைந்திருந்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அந்தத் தடத்துக்கு மேலே உடம்பு எங்கே இருந்திருக்கும் என்று பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கிற தூக்குக்குண்டைக் கடன் வாங்கினோம். ஒற்றைக் காலில் நிற்கும்போது தொண்டைக்குழியிலிருந்து நூலை விட்டால் குண்டு அந்தப் பாதத்தின் மேலேதான் விழும். வேறெங்கும் விழுந்தால் ஆள் விழுந்துவிடுவான். முதல் வரிசைப் படங்களில் நூலைப் பிடித்துப் பார்த்தால், ஒரு கால் தூக்கியிருக்கிற படத்தில்கூடக் குண்டு இரண்டு பாதங்களுக்கு நடுவே விழுந்தது. ஒரு கால் காற்றில் இருக்க, எடை நடுவில் இருந்தால் அது வெட்டி ஒட்டிய கால். சுழன்றுகொண்டே வட்டத்தில் ஓடும்போது நிலைமை இன்னும் வேறு. உடம்பு வட்டத்தின் உள்பக்கம் சாய வேண்டும். சைக்கிள் திருப்பத்தில் சாய்வதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. அந்தச் சாய்வு அவர் படங்களில் எங்கேயும் இல்லை. ஆனால் அவர் உடம்பில் இருந்தது, நாங்கள் வாசலில் கண்ணால் பார்த்தோம்.

இதிலிருந்து அவர் வரைகிற வரிசை தலைகீழாக மாறியது. முன்பு கிரீடத்தில் தொடங்கிக் கீழே வருவார், பாதத்துக்கு வரும்போது துணியில் இடம் இருக்காது, பொறுமையும் இருக்காது. இப்போது முதலில் தரை. தரையில் தடம். தடத்துக்கு மேலே தொண்டைக்குழி ஒரு புள்ளி. அப்புறம் இரண்டு புஜக்கட்டைகளும் ஒரு சாய்கோட்டில். கட்டை மரமானதால் அது வளையாது, தோளோடு அப்படியே சாயும். எனவே அந்த ஒரு கோடு போட்டால் மார்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது முடிந்துவிட்டது. கிரீடமும் மரம்தான், அதன் நடுக்கோடு தலையின் அச்சு. பாதம், தோள், தலை மூன்றும் கிடைத்துவிட்டால் கூத்து வேஷத்தில் மிச்சம் இருப்பது பாவாடை மட்டும்தான்.

அந்தப் பாவாடையில்தான் அசல் ஆட்டம். உடம்பு சுழன்று நிற்கும், பாவாடை நிற்காது. அது இன்னும் கால் சுற்று போய், காலைச் சுற்றிக்கொண்டு, பிறகுதான் திரும்பி வரும். உடம்பு இடது பக்கம் பார்த்திருக்க, பாவாடை மடிப்புகள் எல்லாம் இன்னும் முந்தைய திசையிலேயே ஓடிக்கொண்டிருந்தால், பார்க்கிறவருக்கு இப்போதுதான் நின்றான் என்பது சொல்லாமலே தெரியும். வாத்தியார் கேட்ட "இப்பதான் வந்துச்சா, போவப்போவுதா" என்ற கேள்விக்கு ஓவியத்தில் பதில் சொல்லக்கூடிய இடம் அதுதான்.

எழுத்துக் கை

பாவாடையை எப்படி வரைவது? சின்னத் தூரிகையால் ஒவ்வொரு மடிப்பாக ஷேடு கொடுத்துப் பார்த்தார். தகரத்தில் அடித்த பாவாடை மாதிரி வந்தது. வேகமாக அசைகிற ஒன்றை மெதுவாக வரைந்தால் அந்த மெதுவும் படத்தில் ஏறிவிடும்.

எனக்குத் தெரிந்து, இந்த ஆய்வில் முக்கியமான திருப்பம் இங்கேதான் வருகிறது. ஒரு மதியம் அவர் எரிச்சலில், போர்டு எழுதுகிற ஒரு அங்குலத் தட்டைத் தூரிகையை எடுத்து, எனாமலை எழுத்துப் பதத்துக்குக் கரைத்து, பாவாடையின் வெளிக்கோட்டை ஒரே இழுப்பில் இழுத்தார். இடுப்பில் வைத்துத் தோளிலிருந்து கையை வீசி, வளைவில் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தூரிகையை உருட்டி, எடுக்காமல் கொண்டுபோய் நுனியில் மெலித்துவிட்டார். பட்டையாகத் தொடங்கிய கோடு வளைவில் நூலாகி மறுபடியும் பட்டையானது. 'ழ' எழுதும்போது செய்கிற அதே வேலை. சுழிக்குள் போய்த் திரும்பி வருகிற இடத்தில் தூரிகை விரலுக்குள் சுழல வேண்டும், கை நிற்கக் கூடாது, நின்றால் அங்கே ஒரு முடிச்சு விழும். சுவருக்கு முன்னால் சாரத்தில் நின்றுகொண்டு எத்தனையோ ஆயிரம் முறை செய்தது.

பாவாடை சுற்றியது.

அவர் கீழ்த்தரமான வேலை என்று ஒதுக்கிவைத்திருந்த எழுத்துக் கையில்தான் ஆட்டம் இருந்தது. பிக்சர் போடுகிற கையில் இல்லை. இது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். பெரிய எழுத்து எழுதுகிறவர் மணிக்கட்டால் எழுதுவதில்லை. காலை அகட்டி ஊன்றி, இடுப்பைத் திருப்பி, தோளிலிருந்து வீசுகிறார். கோடு ஓடுகிற திசைக்கு உடம்பின் எடையும் சேர்ந்து போகிறது. அந்த எடை மாற்றம் கோட்டின் பட்டையிலும் மெலிவிலும் பதிவாகிறது. ஆடத் தெரிந்த கால், எழுதத் தெரிந்த கை, இரண்டும் ஒரே உடம்பில் இருந்தன. நடுவில் 'ஓவியம் என்றால் ஷேடு' என்ற எண்ணம் அவற்றைப் பேசவிடாமல் வைத்திருந்தது.

ஒருமுறை தஞ்சைப் பெரிய கோயில் சோழர் ஓவியங்களின் அச்சுப் படங்களை அவரிடம் காட்டினேன். நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் அவை மறைந்திருந்ததை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அதில் ஆடுகிற பெண்கள் இருக்கிறார்கள். ஓவியர் முகங்களைப் பார்க்கவே இல்லை. இடுப்பு வளைவில் ஓடுகிற வெளிக்கோட்டை விரலால் தொடர்ந்துகொண்டே போனார். "இவன் எழுத்துக்காரன் சார்" என்றார். சுண்ணாம்புச் சாந்து காய்வதற்குள் கோட்டை முடித்தாக வேண்டிய வேலை அது, தயங்க நேரம் கிடையாது என்று சொன்னபோது, அது தனக்கு முன்பே தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார்.

நடனத்தையே வாழ்நாள் பொருளாக வைத்துக்கொண்ட ஓவியர் என்றால் எல்லாரும் டெகாவைச் சொல்வார்கள். பாரிஸ் பாலே ஆட்டக்காரிகளை அவர் நூற்றுக்கணக்கில் வரைந்தார். மேடையைவிட ஒத்திகையும், செருப்பு நாடாவைக் கட்டுகிறதும், களைத்து உட்கார்ந்திருப்பதும் அவருக்குப் பிடித்தவை. ஒரே உருவத்தை டிரேஸிங் தாளில் திரும்பத் திரும்பப் படியெடுத்துத் திருத்துவார். நம் ஓவியரும் வேஷம் கட்டுகிற இடத்தில்தான் அதிக நேரம் உட்காருவார் என்பது உண்மை. ஆனால் ஒப்பீடு அதற்குமேல் போகாது. டெகா பார்த்து வரைந்தவர். இவர் ஆடிப் பார்த்து வரைகிறவர். மாத்தீஸின் 1910-ஆம் ஆண்டு 'நடனம்' அச்சுப் படத்தைக் காட்டியபோது, வட்டமாகக் கைகோத்து ஆடுகிறவர்களில் முன்னால் இருப்பவரின் கை விட்டுப்போய், பிடிக்கத் தாவுகிற இடத்தைச் சட்டென்று கண்டுபிடித்துவிட்டார். "இந்த ஆள் இப்ப விழுவான், இல்லன்னா புடிப்பான்." நாலு பக்கக் கட்டுரையில் சொல்வதை ஒரு வரியில் முடித்துவிட்டார்.

வெளிச்சமும் துணியும்

இரண்டாவது வரிசையில் இன்னொரு மாற்றம், பின்னணி நீலமும் கோபுரமும் போய்விட்டன. இப்போது பெரும்பாலும் கருமை, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் மஞ்சள் வெளிச்சம். இவர் சிறுவனாகப் பார்த்த கூத்து பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நடந்தது. ஓரத்தில் தொங்கும் ஒன்றிரண்டு விளக்குகள். ஆட்டக்காரர் சுழலும்போது ஒரு கன்னம் எரியும், மறுகன்னம் இருட்டில் போகும், கிரீடத்துக் கண்ணாடிகள் ஒரு பக்கம் மட்டும் மின்னி மறையும். அந்த மின்னி மறைதலே சுழற்சியைக் காட்டிக்கொடுத்தது. டியூப் லைட் வந்தது, இப்போது எல்.ஈ.டி. எல்லாப் பக்கமும் சமமான வெளிச்சம், நிழலே இல்லை. ஆட்டம் குறைந்துவிட்டது என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி, என் கணக்கில், நிழல் குறைந்ததுதான்.

துணி விஷயத்தில் சொல்ல வேண்டியது கொஞ்சம். ப்ளெக்ஸ் பின்பக்கத்திலேயே முழுப் படமும் வரைந்து பார்த்தார். காசு மிச்சம். ஆனால் எனாமல் அதில் சரியாகக் காயவில்லை, வெயில் காலத்தில் பிசுபிசுத்தது, சுருட்டியபோது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உரிந்தது. ப்ளெக்ஸை மிருதுவாக வைத்திருக்கிற எண்ணெய்ப் பொருள் மேலே கசிவதால் வருகிற கோளாறு இது. இப்போது காடாத் துணிக்கு ஃபெவிக்காலும் சாக் பொடியும் கலந்து பூசி, காயவைத்து, உப்புத்தாள் தேய்த்து அதில் வரைகிறார். ப்ளெக்ஸ் தடம் பதிக்க மட்டும்.

யார் வாங்குகிறார்கள்

வேலூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் இரண்டு வரிசைப் படங்களையும் சேர்த்து வைத்தோம். ஜமாக்காரர்கள் சிலர் வேனில் வந்தார்கள். இரண்டாவது வரிசைக்கு முன்னால் நின்று, இது இன்னார் ஆட்டம், இது இன்னார் கால் என்று ஆளை அடையாளம் சொன்னார்கள். முகம் இரண்டு மூன்று பட்டைக் கோடுகள்தான், அப்படியும் சொன்னார்கள். ஒரு மிருதங்கக்காரர் துச்சாதனன் படத்தைப் பார்த்துவிட்டு, தான் அந்த இடத்தில் என்ன வாசிப்பேன் என்று விரலால் சட்டத்தில் தட்டிக்காட்டினார். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள்.

விற்றதெல்லாம் முதல் வரிசை. வீட்டுக் கூடத்தில் மாட்டுகிறவர்களுக்குக் கண்ணாடி எண்ணக்கூடிய கிரீடம்தான் வேண்டும். ஒரு நிறுவனத்தின் வரவேற்பறைக்குப் படம் கேட்டு வந்தவர், ஆடுகிற படங்களைப் பார்த்து "முடிக்காம விட்டுட்டீங்களே" என்றார். ஓவியருக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. கேட்கிறவருக்குக் கேட்டபடி எழுதிக் கொடுப்பது அவர் தொழிலில் முதல் பாடம். முதல் வரிசைப் பாணியில் ஒரு படம் போட்டால், ஒரு ராத்திரிக் கூத்துக்கு ஒரு வேஷக்காரர் வாங்குகிற சம்பளத்தைவிடக் கொஞ்சம் கூடக் கிடைக்கிறது. அந்தக் காசில் இரண்டாவது வரிசைக்குத் துணி வாங்குகிறார். நான்தான் இதைப் பார்த்துக் கோபப்படுகிறேன்.

என் வகுப்பிலும் காவித் தடத்தைச் செய்துபார்த்தேன். சிலம்பம் சுற்றுகிற பையன்களுக்கும், பரதம் கற்கிற பெண்களுக்கும் சட்டென்று பிடிபட்டது. தங்கள் தடத்தைப் பார்த்தவுடனே உடம்பு எங்கே இருந்தது என்று சொல்லிவிட்டார்கள். விளையாட்டு, ஆட்டம் எதிலும் பழக்கம் இல்லாத பிள்ளைகளுக்குத் தடம் வெறும் தடமாகத்தான் இருந்தது. அவர்களுக்குத் தூக்குக்குண்டு மட்டும் உதவியது. எனவே இந்த முறையை எல்லாருக்கும் பொதுவான மருந்தாக நான் சிபாரிசு செய்யவில்லை. முன்பே உடம்பில் இருக்கிற ஒன்றை இது வெளியே எடுக்கிறது, இல்லாததை உண்டாக்குவதில்லை.

எங்கே தோற்கிறது

துரியோதனன், துச்சாதனன், பீமன், கர்ணன், கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் எல்லாரும் வந்துவிட்டார்கள். திரௌபதி வரவில்லை. பகடை துகிலில் சபை நடுவே அவள் நிற்கிற படத்தை ஓவியர் பலமுறை தொடங்கி நிறுத்திவிட்டார். சுற்றிலும் துச்சாதனன் ஆடுகிறான், அவன் நன்றாக இருக்கிறான். நடுவில் அவள் பொம்மையாக நிற்கிறாள். தடம் இரண்டு முழுப் பாதம், எடை நடுவில், பாவாடை இல்லை, புஜக்கட்டை இல்லை, சுழற்சி இல்லை. அவருடைய முறைக்குப் பிடித்துக்கொள்ள அந்த உருவத்தில் எதுவுமே இல்லை. ஆனால் கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த இரவில் சபை முழுக்கப் பார்ப்பது ஆடுகிற துச்சாதனனை இல்லை, அசையாமல் நின்று பாடுகிற அவளைத்தான். அங்கே ஆட்டம் குரலுக்குள் போய்விடுகிறது. குரல் இல்லாமல் போனதால்தான் இவர் ஓவியர் ஆனார் என்பதை நான் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை. அவர் யோசிக்காமலா இருப்பார்.

இப்போது பெண் வேஷம் கட்டுகிற ஒரு நடிகரை, கூத்து இல்லாத நாள்களில் பகலில் வரவழைத்து, அரிதாரம் இல்லாமல், வெறும் வேட்டியோடு அந்த விருத்தத்தைப் பாடச் சொல்லி வரைந்துகொண்டிருக்கிறார். நோட்டில் இருப்பதெல்லாம் கழுத்தும் விலாவும் வயிறும்தான்: மூச்சு இழுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று. துணிக்கு இன்னும் போகவில்லை. வாத்தியார் இரண்டு பக்கங்களைப் பார்த்துவிட்டு, மூச்சு எடுக்கிற இடம் ஒன்று தப்பு என்று சொல்லியிருக்கிறார்.